ஒன்பதாம் வகுப்பில் தொலைந்துபோன எலக்ட்ரான்

கல்பாக்கத்தில் அணு உலையைக் குளிர்விக்க ஓடும் சோடியமும், கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையோரத்து உப்பளத்தில் படியும் சோடியமும் ஒரே தனிமம்தான். முன்னது காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அதனால்தான் 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய ஈனுலைச் சோதனை உலையில், உருகிய சோடியத்தின் மேல் ஆர்கான் வாயுவைப் போர்த்திப் பாதுகாக்கிறார்கள். பின்னதையோ ஊரே ரசத்தில் போட்டுக் குடிக்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஓர் எலக்ட்ரான். உலைக்குள் இருக்கும் சோடியம் அதை இன்னும் கைவசம் வைத்திருக்கிறது. உப்பிலிருக்கும் சோடியம் எப்போதோ இழந்துவிட்டது.

ஆக்ஸிஜனேற்றம், ஒடுக்கம் என்ற பாடத்தின் சாரம் இவ்வளவுதான். ஒருவர் எலக்ட்ரானைக் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் இல்லை.

தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் இதை முதலில் சந்திப்பது ஒன்பதாம் வகுப்பில், வேதிப்பிணைப்பு பற்றிய பாடத்தின் கடைசியில். ஆக்ஸிஜன் சேர்ந்தால் ஆக்ஸிஜனேற்றம், ஹைட்ரஜன் நீங்கினால் ஆக்ஸிஜனேற்றம், எலக்ட்ரானை இழந்தால் ஆக்ஸிஜனேற்றம். இவை தலைகீழானால் ஒடுக்கம். பிறகு ஆக்ஸிஜனேற்ற எண் கணக்கிடும் விதிகள். நறுக்கிய காய் கறுப்பது, உலோகம் மங்குவது, திறந்து வைத்த பண்டம் கெடுவது என அன்றாட உதாரணங்களும் சில வரிகளில் உண்டு. பாடநூலைக் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருக்கிறது. ஆனால் வகுப்பிலிருந்து வெளியே வரும் பிள்ளையிடம் மிஞ்சுவது மூன்று வரையறைகளும் ஒரு மனப்பாட வாய்பாடும்தான். செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரப் பிள்ளைகள் விஷயத்தில் இது கூடுதல் அநியாயம். தங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, அப்பாவின் படகு, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி என மூன்று பக்கமும் இதே வினையின் நடுவில் வாழ்ந்துகொண்டே அவர்கள் அதைக் காகிதத்தில் மட்டும் படிக்கிறார்கள்.

அந்த மூன்று வரையறைகளிலேயே சிக்கல் தொடங்குகிறது. அவை ஒரே நாளில் ஒரே ஆள் எழுதியவை அல்ல. எரிவதும் துருவேறுவதும் ஆக்ஸிஜனோடு சேரும் செயல்கள் என்று பிரான்ஸில் லவாய்சியே நிறுவியது 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில். எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடித்தது 1897இல். இடையில் நூறாண்டுக்கு மேல் இடைவெளி. அதாவது எலக்ட்ரான் கணக்கு, பழைய விளக்கத்தைத் தனக்குள் அடக்கிக்கொண்ட பிந்தைய, பெரிய விளக்கம். காலவரிசையைச் சொல்லாமல் மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தினால், இவை மூன்று வெவ்வேறு சங்கதிகள் என்றுதான் பிள்ளை நினைக்கும். ‘சோடியம் குளோரினில் எரியும்போது ஆக்ஸிஜனே இல்லையே, அது எப்படி ஆக்ஸிஜனேற்றம்?’ என்று ஒரு மாணவி கேட்டால் அது நல்ல கேள்வி. ‘மூன்றாவது வரையறைப்படி’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஆக்ஸிஜனேற்ற எண்ணிலும் இதே கதை. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் மாங்கனீசின் எண் கூட்டல் ஏழு என்று பிள்ளைகள் நொடியில் கணக்குப் போட்டுவிடுவார்கள். அந்த ஏழு, எலக்ட்ரான் போக்குவரத்தைக் கண்காணிக்க வேதியியலர் வைத்திருக்கும் பேரேட்டுக் குறிப்பு. மாங்கனீசு அணு உண்மையிலேயே ஏழு எலக்ட்ரான்களை முழுசாகப் பறிகொடுத்து நிற்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வகுப்பில் அரை நிமிடம் ஆகும்.

சரி, செய்முறையிலாவது கண்ணால் பார்க்கிறார்களா? 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் செய்முறைப் பட்டியலில் வேதியியலுக்கு நான்கு சோதனைகள். உப்பு கரையும்போது வெப்பம் வெளிப்படுகிறதா உட்கொள்ளப்படுகிறதா என்று பார்ப்பது, உப்பின் கரைதிறனைப் பார்ப்பது, உப்பில் நீரேற்றம் உள்ளதா என்று பார்ப்பது, கொடுத்த கரைசல் அமிலமா காரமா என்று பார்ப்பது. நான்கில் ஒன்றில்கூட எலக்ட்ரான் கைமாறுவதில்லை. வேடிக்கை என்னவென்றால், அதே பட்டியலின் உயிரியல் பகுதியில் ஒரு ஆக்ஸிஜனேற்ற ஒடுக்க வினை சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. சோதனைக் குழாயும் புனலும் வைத்து நீர்த்தாவரத்திலிருந்து குமிழி வருவதைக் காட்டும் ஒளிச்சேர்க்கைச் சோதனை அது. அந்தக் குமிழியில் இருக்கும் ஆக்ஸிஜன், நீர் தன் எலக்ட்ரானை இழந்ததால் வந்தது. கார்பன் டை ஆக்ஸைடு ஒடுக்கமடைந்து மாவுச்சத்தாகிறது. வேதியியல் ஆசிரியர் அதைத் தன் பாடமென்று உரிமை கொண்டாடுவதில்லை; உயிரியல் ஆசிரியருக்கு எலக்ட்ரான் பற்றிப் பேச நேரமில்லை. மதிப்பெண் இரண்டு பேர் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

பட்டியலில் சேர்க்கத் தகுந்த சோதனை ஒன்று நூறாண்டுகளாகக் கையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற வேதியியலர் 1920களில் செய்து காட்டியது. இரும்புத் தகடு ஒன்றை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அதன் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அந்த உப்புநீரில் முன்கூட்டியே இரண்டு பொருள்களைச் சிறிதளவு கலந்திருக்க வேண்டும்: ஒன்று பொட்டாசியம் ஃபெரிசயனைடு, இன்னொன்று பினாப்தலீன். இரும்பு கரைந்து அயனியாகும் இடத்தில் முதலாவது கருநீலம் காட்டும். ஆக்ஸிஜனும் நீரும் எலக்ட்ரானை வாங்கி ஹைட்ராக்ஸைடாகும் இடத்தில் இரண்டாவது இளஞ்சிவப்பு காட்டும்.

சொட்டு விழுந்ததும் நீலமும் சிவப்புமாக ஆங்காங்கே புள்ளிகள் தோன்றும். பொறுமையாகக் காத்திருந்தால் அவை இடம் பிரியத் தொடங்கும். சொட்டின் நடுவில் நீலம் திரளும்; ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம் கட்டும். இரண்டுக்கும் நடுவே, பழுப்பு நிறத்தில் மெல்லிய வட்டமாகத் துரு படியும். ஆக்ஸிஜனேற்றம் நடக்கும் இடம், ஒடுக்கம் நடக்கும் இடம், இரண்டின் விளைபொருள்கள் சந்தித்துத் துருவாகும் இடம் என மூன்றும் ஒரு பொட்டு அளவுக்குள் தனித்தனியாகத் தெரியும். நடுவில் இரும்பு விட்டுச் சென்ற எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. ஓரத்தில் காற்றிலிருந்து ஆக்ஸிஜன் எளிதாகக் கிடைக்கிறது. அங்கே அது எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது.

இதில் பிள்ளைகளை அசர வைக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. இரும்பு அரிக்கப்படுவது ஆக்ஸிஜன் அதிகம் கிடைக்கும் ஓரத்தில் அல்ல. ஆக்ஸிஜன் குறைந்த நடுவில். ‘ஆக்ஸிஜன் சேர்ந்தால் துரு’ என்று மட்டும் படித்த பிள்ளைக்கு இது புரியவே புரியாது. எலக்ட்ரான் கணக்குத் தெரிந்த பிள்ளைக்குச் சட்டென்று விளங்கும். புதுப்பட்டினத்திலோ தேவனேரியிலோ கடலைப் பார்த்த ஒரு ஜன்னலின் கம்பிகளை உற்றுப் பார்த்தால் போதும். நடுக்கம்பி பளிச்சென்று பெயின்ட்டோடு இருக்கும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே போகும் சந்தில், திருகாணித் தலைக்கு அடியில், கீழ்ச்சட்டத்தில் மணலும் ஈரமும் தேங்கும் மூலையில்தான் பழுப்பு முதலில் எட்டிப்பார்க்கும். பெயின்ட்டுக்கு அடியில் கொப்புளம் கட்டி, விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். காற்றுப் புகாத சந்து எலக்ட்ரானைக் கொடுக்கிறது. காற்றுப்படும் பரப்பு வாங்குகிறது. எவன்ஸின் சொட்டும் இந்த ஜன்னலும் ஒரே பாடம்.

பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் துரு சோதனை வேறு. மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி: ஒன்றில் சாதாரண நீர், ஒன்றில் கொதிக்க வைத்த நீரும் மேலே எண்ணெயும், ஒன்றில் ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு. துருவுக்கு நீரும் காற்றும் வேண்டும் என்பதை அது அழகாக நிரூபிக்கும். ஆனால் வினை எப்படி நடக்கிறது என்பதை அது காட்டாது. கடலோரத்தில் உப்புதான் இரும்பைத் தின்கிறது என்ற பரவலான நம்பிக்கையையும் அது தொடுவதில்லை. உண்மையில் சோடியம் குளோரைடு இந்த வினையில் தீர்ந்துபோகும் பொருளே அல்ல. அது நீரை நல்ல மின்கடத்தி ஆக்குகிறது. இரும்பின் மேல் உருவாகும் பாதுகாப்புப் படலத்தைக் குளோரைடு அயனி கிழிக்கிறது. தரகர் வேலை. ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும்போது, அலைத்திவலையில் நனையும் வீட்டுக்குத் தரகருக்குப் பஞ்சமில்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வீடு கட்டுபவர்கள் இதற்குக் கொடுக்கும் விலை ஜன்னலோடு முடிவதில்லை. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி சாதாரணமாகப் பத்திரமாகவே இருக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மை, கம்பியின் மேல் மெல்லிய ஆக்ஸைடு படலத்தைக் காப்பாற்றி வைக்கிறது. குளோரைடு உள்ளே இறங்கிப் படலத்தை உடைத்துவிட்டால் துரு தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். கான்கிரீட் வெடிக்கும். சீலிங்கிலிருந்து காரை பெயர்ந்து விழுந்த பிறகு, ‘கம்பி ஊதிடுச்சு’ என்பார் மேஸ்திரி. சரியாகத்தான் சொல்கிறார். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் ‘கடுமையானது’ என்று வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் குறைந்தது 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவசம் கேட்கிறது. உள்நாட்டு ‘லேசான’ சூழலில் அது 20 மில்லிமீட்டர். கவர் பிளாக்குக்குப் பதில் கைக்குக் கிடைத்த ஜல்லியைக் கம்பிக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, பக்கத்து போர்வெல்லின் உப்புத் தண்ணீரில் கலவை போடும் இடத்தில் இந்த எண்கள் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இரும்பின் ஆக்ஸிஜனேற்ற எண்ணைச் சரியாக எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கலாம்.

மீனவர்கள் இந்த வினையை அடக்கி ஆளும் ஒரு தந்திரத்தை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். கடலில் ஓடும் அவுட்போர்டு எஞ்சின்களின் அடிப்பகுதியில், நீருக்குள் மூழ்கும் இடத்தில் சின்ன உலோகக் கட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். துத்தநாகம், அல்லது அலுமினியக் கலவை. இரும்புக் கப்பல்களின் அடியில் இதே கட்டிகளைப் பெரிது பெரிதாகப் பொருத்துவார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதாக எலக்ட்ரானைக் கொடுக்கும். ஆகவே ஆக்ஸிஜன் கேட்கும் எலக்ட்ரானை அதுவே கொடுத்துக் கரைந்து தீரும். பக்கத்து உலோகம் தப்பிக்கும். சில மாதங்களில் கட்டி குழிவிழுந்து, தின்ற மாதிரி ஆகும். அப்போது மாற்றிவிடுவார்கள். ‘கட்டி தேயவே இல்லை, நல்ல தரம்’ என்று யாராவது சந்தோஷப்பட்டால் அவர் ஏமாந்துவிட்டார். கட்டி வேலையே செய்யவில்லை என்று அர்த்தம். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது அந்தக் கட்டிக்கும் சேர்த்து அழகாக அடித்துவிட்டால் அதே கதிதான். கடல்நீரைத் தொடாத துத்தநாகம் எதையும் காப்பாற்றாது.

ஜி.ஐ. பைப்பும் ஜி.ஐ. ஷீட்டும் இதே தத்துவம். நாகமுலாமை வெறும் பெயின்ட் போல நினைப்பவர்கள் பலர். பெயின்ட்டில் கீறல் விழுந்தால் கீறலுக்கு அடியில் துரு ஊரும். துத்தநாகத்தில் கீறல் விழுந்தாலும், பக்கத்துத் துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுத்து வெறும் இரும்பைக் கொஞ்சகாலம் காக்கும். எதிர்த்திசையிலும் பாடம் உண்டு. இரும்பு கேட்டில் துருவேறாத எவர்சில்வர் கீல் போட்டால் கீலைச் சுற்றியுள்ள இரும்பு சீக்கிரம் அரிக்கிறது; எலக்ட்ரானைக் கொடுக்கும் பாத்திரம் இப்போது இரும்புக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் வினைபடு திறன் வரிசை என்று சுவரில் மாட்டிவைக்கும் பட்டியலை ஒரு வெல்டிங் பட்டறையில் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

நெம்மேலிக்குப் போனால் கதை இன்னொரு திருப்பம் எடுக்கிறது. சென்னைக்குக் குடிநீர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலை அங்கே 2013இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனில் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் பதினைந்து கோடி லிட்டருக்கான இரண்டாவது ஆலை திறக்கப்பட்டது. சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆலைகளில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே வரும் கடல்நீரில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்கக் குளோரின் சேர்ப்பார்கள். குளோரின் வலுவான ஆக்ஸிஜனேற்றி. உயிர்ச் செல்லிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக் கொல்லும். ஆனால் அதே குளோரின் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் சவ்வின் பாலிஅமைடையும் விட்டுவைக்காது. ஆகவே சவ்வுக்கு முன்னால் சோடியம் பைசல்ஃபைட் போன்ற ஒடுக்கியைச் சேர்ப்பார்கள். அது தானே எலக்ட்ரானைக் கொடுத்துக் குளோரினைச் சாதாரணக் குளோரைடாக்கி அடக்கிவிடும். கேட்பவனுக்குக் கொடுத்து வாயை மூடும் வேலை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவதும் இதன் முதல் பாதிதான்.

வீட்டுக்குள் வந்தால், ஆசிரியர்களே சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவதை ஒடுக்கத்துக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. அது ஒடுக்கம் அல்ல. புளியின் அமிலம் மேலே படிந்த ஆக்ஸைடைக் கரைத்துக் கழுவிவிடுகிறது. தாமிரம் தன் எலக்ட்ரானைத் திரும்பப் பெறவில்லை, அந்த அடுக்கே போய்விட்டது. திரும்பப் பெறுவதைப் பார்க்க வேண்டுமானால் கறுத்த வெள்ளிக் கொலுசு போதும். ஒரு பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசை அதைத் தொடும்படி வைத்து, ஆப்ப சோடா கலந்த சூடான நீரை ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு விலகும். லேசாக அழுகிய முட்டை நெடி வரும். கறுப்பு என்பது வெள்ளி கந்தகத்தோடு சேர்ந்த சேர்மம். அலுமினியம் கொடுத்த எலக்ட்ரானை வாங்கிய வெள்ளி மறுபடி உலோகமாகக் கொலுசின் மேலேயே நிற்கிறது. தேய்த்து மெருகேற்றும்போது வெள்ளி கொஞ்சம் போய்விடும், இதில் தங்கிவிடும். பாட்டியின் புளியும் பேத்தியின் கொலுசும் ஒரே வகுப்பில் வந்தால் ‘எது ஒடுக்கம், எது இல்லை’ என்பது விவாதமாகவே ஆகிவிடும்.

மாமல்லபுரத்தைச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றி எழுத முடியாது. 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர். தெருவுக்குத் தெரு உளிச் சத்தம் கேட்கும் ஊர். வைர முனைக் கருவிகளும் மின்சார அரைப்பான்களும் நிறைய வேலையை எடுத்துக்கொண்டாலும் கையுளி இன்னும் போகவில்லை. கருங்கல்லில் உளி முனை மழுங்கிக்கொண்டே இருக்கும். மழுங்கிய உளியை உலையில் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்துக் கூராக்குவார்கள். தோய்த்த எஃகு அதிகக் கடினமாக, கல்லில் பட்டால் தெறித்துவிடும் நிலையில் இருக்கும். அதை மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். எவ்வளவு சூடு? எஃகே சொல்லும். துலக்கிய எஃகு சூடேறும்போது சுமார் 220 டிகிரி செல்சியஸில் வைக்கோல் மஞ்சளாகும். பிறகு பழுப்பு, ஊதா. 300 டிகிரி வாக்கில் நீலம். அந்த நிறங்கள் பரப்பில் வளரும் இரும்பு ஆக்ஸைடு படலத்தின் தடிமனைப் பொறுத்தவை. வெப்பமானி இல்லாத பட்டறையில் ஆக்ஸிஜனேற்றமே வெப்பமானி. சிற்பக் கல்லூரிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் பள்ளிகள் சிலையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. உலையடியில் பத்து நிமிடம் நிற்பது யாருடைய பயணத் திட்டத்திலும் இல்லை.

இன்னும் பின்னே போகவும் இந்த மாவட்டத்தில் பொருள் இருக்கிறது. மதுராந்தகம் பக்கத்துச் சானூரில் பெருங்கற்காலக் கல்லறைகளை 1950களின் தொடக்கத்தில் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. இரும்புக் கருவிகளும் கறுப்பு சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. ஒரே பானையில் உள்ளும் வாயும் கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால் வந்தது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். காற்றுப்பட்ட வெளிப்பக்கத்தில் களிமண்ணின் இரும்பு முழுக்க ஆக்ஸிஜனேற்றம் அடைந்து சிவந்தது. காற்று எட்டாமல் புகையும் கரியும் அடைந்த உட்பக்கம் கறுத்தது. ஆக்ஸிஜனேற்றச் சூழலையும் ஒடுக்கச் சூழலையும் ஒரே சூளையில் ஒரே பானைக்கு அமைத்துக் கொடுத்த குயவருக்கு எலக்ட்ரான் தெரியாது, சூளை தெரியும். கூடவே புதைந்த இரும்புக் கத்திகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. தாதுவிலிருந்து கரியின் துணையோடு ஆக்ஸிஜனைப் பிரித்து எடுத்த இரும்பு அது. மண்ணுக்குள் போனதும் வந்த வழியே திரும்பத் தொடங்கியது. தமிழ்நாட்டில் இரும்பு 5,300 ஆண்டு பழையது என்று சிவகளை ஆய்வுகளை வைத்து மாநில அரசு 2025 ஜனவரியில் அறிவித்தபோது பெருமைப் பேச்சு நிறைய நடந்தது. உலையில் அந்த ஆக்ஸிஜனை யார் கழற்றினார்கள், எப்படிக் கழற்றினார்கள் என்ற பேச்சு அதில் பாதியாவது நடந்திருக்கலாம்.

ஆசிரியர்கள் இதற்குச் சொல்லும் பதில் தெரிந்ததுதான், அதில் நியாயமும் இருக்கிறது. போர்ஷன் முடிக்க வேண்டும். வகுப்பில் ஐம்பது பேர். நீட் எழுதப் போகும் பிள்ளைக்கு ஆக்ஸிஜனேற்ற எண் கணக்குத் தடுமாறக் கூடாது. எவன்ஸ் சொட்டைப் போட்டுக்கொண்டிருந்தால் பாடம் எப்போது முடியும்? ஆனால் கணக்கு விதிகளைப் பாடமாக்க ஆகும் நேரத்தையும், மறந்து மறுபடி பாடமாக்க ஆகும் நேரத்தையும் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. எலக்ட்ரான் எங்கே போகிறது என்று ஒருமுறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்த விதிகள் பிறகு எளிதாகவே ஒட்டும். பதினொன்றாம் வகுப்புக்குப் போய் வேதியியல் எடுத்தால்தான் இதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதும் சரியல்ல. பெர்மாங்கனேட்டின் ஊதா மறையும் தரம்பார்த்தல் சோதனை மேல்நிலை ஆய்வகத்தில் இருக்கிறது. வணிகவியல் எடுப்பவரும் ஐ.டி.ஐ. போகிறவரும் அந்த ஆய்வகத்துக்குள் நுழைவதே இல்லை. வீடு கட்டப்போவதும் படகு ஓட்டப்போவதும் வெல்டிங் பட்டறை வைக்கப்போவதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

கடல் இல்லாத தருமபுரியில் என்ன செய்வது என்று கேட்கலாம். எவன்ஸ் சோதனைக்குக் கடல் வேண்டாம். ஒரு சிட்டிகை உப்பு போதும். பினாப்தலீன் அமில காரச் சோதனைக்காக ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஃபெரிசயனைடை மட்டும் வாங்க வேண்டும். அதைச் சூடாக்கவோ அடர் அமிலத்தோடு சேர்க்கவோ கூடாது என்பதால் ஆசிரியர் தன் கையில் வைத்துக்கொண்டு சொட்டுக் கணக்கில் கொடுப்பது நல்லது. தகட்டுக்குப் பதில் ஆணியை எடுத்தால், கடையில் கிடைக்கும் கடல்பாசியைக் காய்ச்சி ஆறவைத்த ஜெல்லியில் அதைப் பதித்து வைக்கலாம். ஒரு ஆணியில் செம்புக் கம்பி சுற்றி, இன்னொன்றில் துத்தநாகப் பட்டை சுற்றி, மூன்றாவதை வெறுமனே விட்டால் மறுநாள் காலை மூன்றும் மூன்று விதமாக நிறம் காட்டும். துத்தநாகம் சுற்றிய ஆணியைச் சுற்றி நீலமே இருக்காது. படகுக் கட்டியின் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. மாமல்லபுரத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கல்பாக்கம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அரிமானத்தையே தொழிலாகக் கொண்ட ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்குகிறது. நாட்டின் மின்வேதியியல் தலைமையகம் தமிழ்நாட்டில் இருக்க, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பில் மின்வேதியியல் சோதனை ஒன்றுகூட இல்லை.

வினாத்தாளும் கொஞ்சம் அசைய வேண்டும். ‘ஆக்ஸிஜனேற்றம் வரையறு’ என்பதற்குப் பதில், துத்தநாகக் கட்டிக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்த படகுக்கு என்ன ஆகும், ஏன் என்று கேட்கலாம். கீறல் விழுந்த ஜி.ஐ. ஷீட்டும் கீறல் விழுந்த பெயின்ட் ஷீட்டும் மழையில் கிடந்தால் எது முதலில் துருப்பிடிக்கும் என்று கேட்கலாம். இப்படிக் கேட்கப்படும் என்று தெரிந்தால் நோட்ஸ் போடுபவர்களே பிள்ளைகளை ஜன்னலைப் பார்க்கச் சொல்வார்கள். செய்முறைத் தேர்வில் இடம் இல்லை என்பார்கள். உப்பை வைத்தே மூன்று சோதனை இருக்கிறது. கரைதிறனையும் வெப்ப மாற்றத்தையும் ஒரே குடுவையில் ஒரே நேரத்தில் பார்த்துவிட முடியும். இரண்டையும் ஒன்றாக்கினால் ஒரு ஆணிக்கு இடம் கிடைக்கும்.